ரேகை பார்க்கும் சிறு கருவி

நம் விரல்நுனியில் அரை மில்லிமீட்டருக்கு ஒன்றாக மேடுகளும், அவற்றிடையே பள்ளங்களும் ஓடுகின்றன. இவையே ரேகை. 1897-இல் கல்கத்தாவில் ரேகை அலுவலகம் அமைந்த காலத்தில், அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்தியர் பத்து விரல்களின் மை அச்சையும் வகைப்படுத்த வழி கண்டனர். உருப்பெருக்கியுடன் நிதானமாகச் செய்யும் வேலை அது. 2020 முதல் நம் ரேஷன் கடைகளுக்கு வந்த கைக்கடக்கமான கருவியோ, ஒரு விரலைச் சில நொடிகளில் படம் பிடித்தாக வேண்டும்.

எப்படிப் பிடிக்கிறது? நாம் பாடத்தில் படித்த முழு அக எதிரொளிப்புதான்! ஒளியால் இயங்கும் கருவியின் உள்ளே ஒரு முப்பட்டகம் உண்டு. கண்ணாடிக்கு மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 42 பாகை. அதற்கு மேற்பட்ட கோணத்தில் விழும் ஒளி, பள்ளங்களுக்கு நேரே காற்று இருப்பதால் முழுவதும் திரும்பிவிடும். மேடு கண்ணாடியைத் தொடும் இடத்தில் மட்டும் ஒளி விரலுக்குள் கசிந்துவிடும். அங்கே கறுப்புக் கோடு தெரியும். விரல் ஈரமானால் பள்ளமும் நிறைந்து எல்லாம் கறுப்பாகும். காய்ந்த விரலென்றால் கோடு அறுந்து அறுந்து விழும்.

கருவியைச் சிறிதாக்கும்போதுதான் சிக்கல். கண்ணாடி சிறுத்தால் ரேகையின் ஒரு பகுதியே பதியும். கோடுகள் பிரியும் இடங்களும் முடியும் இடங்களும் குறைவாகவே அகப்படும். ஒளி செல்லும் தூரத்தைக் குறைத்தால் படத்தின் ஓரங்கள் கோணலாகும். பெரிதாகச் செய்தாலோ விலையும் எடையும் கூடும்.

நல்ல ரேகைக்கு இந்தக் குறைகள் பெரிதல்ல. ஆனால் எங்கள் பக்கத்து அண்டியாபீஸ்களில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். தோட்டிலுள்ள எண்ணெய் தோலையே அரித்துவிடும். கையில் சாம்பல் பூசினாலும் முழுக்கத் தப்பாது. என் பாட்டி நான்கு விரல்களை மாற்றி மாற்றி வைத்தும் பதியவில்லை. "கொட்டை ஒடைச்சே தேஞ்சு போச்சு மக்ளே" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படம் ஆதார் கணினிக்குச் சென்று ஒப்பிடப்படுகிறது. எவ்வளவு பொருந்தினால் ஏற்பது? கண்டிப்பைக் கூட்டினால் உரியவரே திருப்பி அனுப்பப்படுவார். தளர்த்தினால் வேறொருவர் நுழையக்கூடும். ஒரு வீட்டில் அடுப்பு எரியாமற்போவதே பெரிய நஷ்டம் என்பது என் எண்ணம்.

பின்னர் கருவிழி பார்க்கும் கருவியும் கடைகளுக்கு வந்தது. அகச்சிவப்பு ஒளியால் படமெடுப்பது அது. விரல் தேய்ந்தாலும் கவலையில்லை. ஆனால் சரியான தூரத்தில், கண் கொட்டாமல் நிற்க வேண்டும். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு உண்டாதலால், வெயில் படாத இடமாகப் பார்த்து நிற்பது நல்லது.