இங்கே தட்டினால் அங்கே ஓடும்

பருவமழை எந்தப் பக்கம் நகரும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காக, புனேவில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தில் ‘பிரத்யூஷ்’ என்ற மீத்திறன் கணினியை 2018-இல் நிறுவினார்கள். இப்படிப்பட்ட கணினிகள் குளிரூட்டிய அறையில் அலமாரி அலமாரியாக நிற்கும். அவற்றுக்கு முன்னால் நாற்காலி போட்டு யாரும் உட்கார்வதில்லை. ஆராய்ச்சியாளர்கள் வேறு கட்டடத்தில், சில சமயம் வேறு ஊரில், தங்கள் மேசைக் கணினியில் இருந்தபடியே அவற்றை வேலை வாங்குவார்கள். ஒருவர் மேசையில் விண்டோஸ் இயங்குதளம் இருக்கலாம். பக்கத்து மேசையில் மேக் இருக்கலாம். தொலைவில் நிற்கும் பெரிய கணினியிலோ பெரும்பாலும் லினக்ஸ்தான். 2017 நவம்பரில் வெளியான பட்டியலில், உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகளும் லினக்ஸிலேயே ஓடின.

விண்டோஸுக்காக எழுதிய நிரலை அப்படியே எடுத்து லினக்ஸில் போட்டால் ஓடாது. கோப்புகளை வைக்கும் முறை வேறு, கட்டளைகள் வேறு, நினைவகத்தைப் பங்கிடும் விதம் வேறு. அப்படியிருக்க, விண்டோஸ் கணினியில் நீங்கள் ஒரு வரி தட்டினால் தொலைவில் உள்ள லினக்ஸ் சர்வரில் ஒரு நிரல் எப்படி எழுந்து ஓடுகிறது? இதற்கு விடை தேடி 80 ஆண்டுகளுக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் என்ற கணித அறிஞர் வேலை பார்த்தார். 1937-இல் தொலைபேசி நிலையத்தில் பயன்படும் ரிலேக்களையும் டார்ச் பல்புகளையும் தன் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து, இரண்டு எண்களைக் கூட்டும் சின்னக் கருவி ஒன்றைச் செய்தார். அது வளர்ந்து, நியூயார்க் ஆய்வகத்தில் கடினமான கணக்குகளைப் போடும் பெரிய இயந்திரமானது. 1940 செப்டம்பர் 11 அன்று ஹனோவர் என்ற ஊரில், டார்ட்மத் கல்லூரியில், கணித அறிஞர்கள் கூடினார்கள். இயந்திரம் இருப்பதோ சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி. ஸ்டிபிட்ஸ் அதைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒரு டெலிபிரிண்டரைக் கம்பி வழியே அதனோடு இணைத்தார். அறிஞர்கள் கணக்கைத் தட்டினார்கள். நியூயார்க்கில் ரிலேக்கள் படபடத்தன. ஒரு நிமிடத்துக்குள் விடை ஹனோவரில் காகிதத்தில் அச்சாகி வந்தது. தொலைவிலிருந்து கணினியை இயக்கிய முதல் நிகழ்ச்சி இதுதான். பின்னாளில் ‘எனியாக்’ கணினியை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜான் மாக்லியும் அன்று அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

ஆனால் அந்த டெலிபிரிண்டரும் அந்த இயந்திரமும் ஒன்றுக்காக ஒன்று அமைக்கப்பட்டவை. யாரோ, எங்கோ, வேறு நோக்கத்தோடு செய்த இரண்டு கணினிகளைப் பேச வைப்பது இதைவிடப் பல மடங்கு கடினம். அந்தச் சிக்கல் 1969-இல் வந்து நின்றது.

அந்த ஆண்டு அக்டோபர் 29, இரவு 10.30 மணி. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர் சார்லி கிளைன், சுமார் 500 கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த கணினிக்குள் நுழைய முயன்றார். மறுமுனையில் பில் டுவால் என்பவர் இருந்தார். எழுத்து வந்ததா இல்லையா என்று இருவரும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டார்கள். ‘லாகின்’ என்ற ஆங்கிலச் சொல்லை அனுப்ப வேண்டும். ‘எல்’ போய்ச் சேர்ந்தது. ‘ஓ’ போய்ச் சேர்ந்தது. அடுத்த எழுத்துக்கு ஸ்டான்ஃபோர்டு கணினி செயலிழந்து நின்றுவிட்டது. சுமார் ஒரு மணி நேரத்தில் கோளாறைச் சரிசெய்து, முழுமையாக உள்ளே நுழைந்தார்கள். ஆர்பாநெட் என்ற அந்த வலையமைப்பிலிருந்துதான் இன்றைய இணையம் வளர்ந்தது.

அந்த இரண்டு கணினிகளும் எவ்வளவு வேறுபட்டவை தெரியுமா? லாஸ் ஏஞ்சலஸ் கணினி ஒரு முறைக்கு 32 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) கையாளும். ஸ்டான்ஃபோர்டு கணினி 24 பிட். இரண்டிலும் இயங்குதளம் வேறு வேறு. ஆண்டு முடிவதற்குள் இன்னும் இரண்டு கணினிகள் சேர்ந்தன. யூட்டா பல்கலைக்கழகத்தின் கணினி 36 பிட் வகை. சான்டா பார்பராவில் இருந்தது ஐபிஎம் கணினி. ஐபிஎம் கணினிகள் எழுத்துகளுக்குக் கொடுத்திருந்த எண்களே தனி. ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்தான ‘ஏ’, ஆஸ்கி என்ற பொது எண் முறையில் 65. ஐபிஎம் முறையில் 193. ஒருவர் ‘ஏ’ என்று அனுப்பினால் இன்னொருவர் வேறு எதையோ படிப்பார்!

ஒவ்வொரு கணினிக்கும் மற்ற ஒவ்வொன்றின் வழக்கத்தையும் சொல்லிக் கொடுத்தால் என்ன? 10 வகை மேசைக் கருவிகளும் 10 வகைப் பெரிய கணினிகளும் இருந்தால் 100 மாற்று நிரல்கள் எழுத வேண்டும். பதினொன்றாவது வகைக் கணினி வந்தால் இன்னொரு 10. முடிவே இருக்காது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த யோசனை வருகிறது. உலகில் எங்குமே இல்லாத ஒரு கருவியை ஆர்பாநெட்டை உருவாக்கியவர்கள் கற்பனை செய்தார்கள். அதற்கு ஒரு விசைப்பலகை, எழுத்துகளை அச்சிட ஒரு பகுதி, அவ்வளவுதான். அதை யாரும் செய்யவில்லை, விற்கவில்லை. அது காகிதத்தில் எழுதிய விதிகளாக மட்டும் இருந்தது. ஒவ்வொரு கணினியும் தன் வழக்கத்தை அந்தக் கற்பனைக் கருவியின் வழக்கத்துக்கு மாற்றி அனுப்பினால் போதும். மறுமுனை அதைத் தன் வழக்கத்துக்கு மாற்றிக்கொள்ளும். 100 மாற்று நிரல்களுக்குப் பதில் 20 போதும்! கணினிக்குள்ளே எது எப்படி இருந்தாலும் சரி, கம்பி வழியே போவதில் மட்டும் ஒப்பந்தம் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட ஒப்பந்தத்தைத்தான் நெறிமுறை என்கிறோம். இந்த நெறிமுறையின் பெயர் டெல்நெட். அதன் விதிகளை ஜான் போஸ்டல், ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்ற இருவரும் 1983-இல் தெளிவாக எழுதி வைத்தார்கள்.

வரி முடிவதைக் காட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் ஒரு வரி முடிந்தது என்பதற்கு 10 என்ற எண் போதும். விண்டோஸில் 13, 10 என்று இரண்டு எண்கள் வேண்டும். பழைய மேக் கணினிகளில் 13 மட்டும். இதில் யார் சரி என்று டெல்நெட் சண்டை போடவில்லை. கம்பியில் போகும்போது 13, 10 என்று அனுப்புங்கள், உங்கள் வீட்டுக்குள் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது.

கற்பனைக் கருவி மிக எளிமையானது. இரண்டு பக்கமும் அதைவிடத் திறமையான கணினிகள் இருந்தால்? அதற்கும் வழி வைத்தார்கள். நான்கு சொற்கள், நான்கு எண்கள். 251 என்றால் ‘நான் செய்கிறேன்’. 252 என்றால் ‘நான் செய்யமாட்டேன்’. 253 என்றால் ‘நீ செய்’. 254 என்றால் ‘நீ செய்யாதே’. ஒரு கணினி ‘என் திரை எந்த வகை என்று சொல்லட்டுமா?’ என்பது போல ஒரு வசதியை முன்வைக்கும். மற்றது அதை ஏற்கலாம், மறுக்கலாம். மறுத்தால் உரையாடல் முறியாது. இருவரும் அந்த எளிய கருவியின் அளவிலேயே பேச்சைத் தொடர்வார்கள். நேற்று செய்த கணினியும் 20 ஆண்டு பழைய கணினியும் இணைய முடிந்தது இதனால்தான்.

இப்போது ஒரு வியப்பான செய்தி. தொலைவிலுள்ள சர்வரில் வேலை செய்யும்போது நீங்கள் ஒரு எழுத்தைத் தட்டினால், அது திரையில் தெரிகிறது அல்லவா? பொதுவாக அதை உங்கள் கணினி எழுதுவதில்லை. எழுத்து சர்வருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்த பிறகே திரையில் தோன்றுகிறது. ‘அ’ என்று தட்டினால், இன்று பெரும்பாலும் வழங்கும் யுடிஎஃப்-8 முறையில், 224, 174, 133 என்ற மூன்று எண்களாகக் கம்பியில் புறப்படும். அதே மூன்று எண்கள் திரும்பி வரும். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாததற்கும் இதுவே காரணம். அப்போது சர்வர் எழுத்தைத் திருப்பி அனுப்புவதில்லை.

கண்ணாடி இழையில் ஒளி ஒரு நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சர்வர் 10,000 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் போக 50 மில்லிநொடி, வர 50 மில்லிநொடி. எவ்வளவு விலையுயர்ந்த கணினி வாங்கினாலும் இதைக் குறைக்க முடியாது. வழியில் உள்ள கருவிகளும் நேரம் எடுக்கும். செல்பேசி இணைப்பாக இருந்தால் எழுத்துகள் தட்டுத் தடுமாறியே வரும். இதற்கு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீத் வின்ஸ்டீனும், சென்னை ஐஐடியில் படித்த ஹரி பாலகிருஷ்ணனும் 2012-இல் ஓர் அழகான வழியை வெளியிட்டார்கள். ‘மோஷ்’ என்பது அவர்கள் நிரலின் பெயர். சர்வர் என்ன திருப்பி அனுப்பும் என்று அது ஊகித்து, எழுத்தை உடனே திரையில் காட்டிவிடும். இணைப்பு மந்தமாக இருந்தால், இன்னும் உறுதியாகாத எழுத்துகளுக்கு அடிக்கோடு இட்டிருக்கும். சர்வரிடமிருந்து செய்தி வந்ததும் கோடு மறையும். ஊகம் தவறென்றால் எழுத்தைத் திருத்திவிடும்.

எழுத்து மட்டும் போதுமா? படம், பொத்தான், சாளரம் எல்லாம் வேண்டாமா? 1983-இல் எம்ஐடியில் ‘அதீனா’ என்ற திட்டம் தொடங்கியது. டிஇசி, ஐபிஎம் என்ற இரண்டு நிறுவனங்களின் கணினிகள் அங்கே கலந்து இருந்தன. 1984-இல் பாப் ஷைஃப்லர், ஜிம் கெட்டிஸ் இருவரும் ‘எக்ஸ்’ என்ற சாளர முறையை உருவாக்கினார்கள். நிரல் எங்கோ ஒரு கணினியில் ஓடும். அதன் சாளரம் மட்டும் உங்கள் மேசையில் திறக்கும். ‘இங்கே ஒரு கோடு வரை, அங்கே இந்த எழுத்தைப் போடு’ என்று நிரல் கட்டளை அனுப்பும். நீங்கள் மவுஸை அசைத்தால் அந்தச் செய்தி நிரலுக்குப் போகும். இதில் பெரியவர்களே குழம்பும் ஓரிடம் உண்டு. எக்ஸ் முறையில் சர்வர் என்பது தொலைவில் இல்லை, உங்கள் மேசையில் இருக்கிறது! சேவை செய்வது யாரோ அவரே சர்வர். இங்கே திரை, விசைப்பலகை, மவுஸ் ஆகியவற்றைக் கொடுத்து உதவுவது உங்கள் கணினி. அவற்றைக் கேட்டு வாங்குவது தொலைவில் ஓடும் நிரல். சர்வர் என்றால் பெரிய கணினி என்று பொருளில்லை என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். 1998-இல் வெளிவந்த விஎன்சி என்ற நிரல் வேறு வழியில் போயிற்று: வரையும் கட்டளைகளை விட்டுவிட்டு, திரையில் மாறிய பகுதிகளின் படத்தையே அனுப்பியது.

மீண்டும் டெல்நெட்டுக்கு வருவோம். அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கடவுச்சொல் உட்பட எல்லாமே கம்பியில் வெளிப்படையாகப் போயின. வழியில் ஒளிந்து கேட்பவர் அப்படியே படித்துவிடலாம். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் அப்படித்தான் கடவுச்சொற்கள் திருடு போயின. அங்கிருந்த ஆய்வாளர் டாட்டு யூலோனென் சில மாதங்களிலேயே ஒரு புதிய நிரலை எழுதி, உலகில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். அதுதான் எஸ்எஸ்எச். ஒவ்வொரு சேவைக்கும் கணினியில் ஒரு வாசல் எண் உண்டு. டெல்நெட்டுக்கு 23. கோப்புகளை அனுப்பும் எஃப்டிபிக்கு 21. நடுவில் காலியாக இருந்த 22-ஐ அவர் கேட்டுப் பெற்றார். இன்றும் எஸ்எஸ்எச்சின் வாசல் 22-தான். விண்டோஸில் இருப்பவர்களுக்காக சைமன் டாதம் ‘புட்டி’ என்ற நிரலை எழுதினார். 2018-இல் விண்டோஸ் 10-உடனேயே எஸ்எஸ்எச் வரத் தொடங்கியது. மேக்கிலும் லினக்ஸிலும் அதற்கு முன்பே இருந்தது.

தொடக்கப் பேச்சு முடிந்த பிறகு எஸ்எஸ்எச்சில் போகும் எல்லாமே பூட்டிய செய்திகள். பூட்டத் தேவையான ரகசிய எண்ணை எப்படி அனுப்புவது? அதையே யாராவது வழியில் படித்துவிட்டால்? ரகசியத்தை அனுப்பாமலேயே இருவரும் ஒரே ரகசியத்தை அடையும் வழியை விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் இருவரும் 1976-இல் வெளியிட்டார்கள். தாளும் பேனாவும் எடுங்கள், நீங்களே செய்து பார்க்கலாம். 2, 11 என்ற இரண்டு எண்களை எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிடுங்கள். நீங்கள் மனத்தில் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2-ஐ நான்கு முறை எழுதிப் பெருக்கினால் (2 × 2 × 2 × 2) 16; அதை 11-ஆல் வகுத்தால் மீதி 5. இந்த 5-ஐ நண்பரிடம் உரக்கச் சொல்லுங்கள். நண்பர் மனத்தில் வைத்தது 3. 2-ஐ மூன்று முறை பெருக்கினால் 8, மீதியும் 8. அதை அவர் உங்களிடம் உரக்கச் சொல்வார். நீங்கள் அவருடைய 8-ஐ நான்கு முறை பெருக்குங்கள்: 4096. 11-ஆல் வகுத்தால் மீதி 4. அவர் உங்கள் 5-ஐ மூன்று முறை பெருக்குவார்: 125. வகுத்தால் மீதி அதே 4! பக்கத்தில் இருந்தவர் 2, 11, 5, 8 எல்லாவற்றையும் கேட்டார்; இந்த 4 மட்டும் அவர் காதில் விழவில்லை. சின்ன எண்கள் என்றால் அவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்களை எடுத்துக்கொண்டால் எந்தக் கணினியாலும் அப்படித் தேடி முடிக்க இயலாது.

இதிலும் ஓர் ஆபத்து மிச்சம் இருக்கிறது. எதிரே இருப்பவர் உங்கள் நண்பர்தானா? நடுவில் ஒருவர் நின்று, உங்களிடம் சர்வர் போலவும் சர்வரிடம் உங்களைப் போலவும் நடிக்கலாம். அதனால்தான் ஒரு சர்வரோடு முதன்முதலாக இணையும்போது எஸ்எஸ்எச் நின்று கேட்கிறது: இந்தக் கணினியை எனக்கு முன்பின் தெரியாது, இதன் கைரேகை இது, தொடரலாமா? கைரேகை என்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட வரிசை. பலர் அதைப் படிக்காமலேயே ‘சரி’ என்று தட்டிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். அந்தச் சர்வரைப் பார்த்துக்கொள்பவரைத் தொலைபேசியில் அழைத்து, வரிசையை அவர் வாசிக்க, உங்கள் திரையில் இருப்பதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒருமுறை ஏற்றுக்கொண்டால் உங்கள் கணினி அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். அதே பெயரில் வேறொரு கைரேகையோடு ஒரு கணினி வந்து நின்றால், எஸ்எஸ்எச் பெரிய எழுத்தில் எச்சரித்துக் கதவை மூடிவிடும்.