பொன்பூவும் எல்லைக்கோடும்

பள்ளிக்கூட வரைபடம் நமக்குள் ஒரு பழக்கத்தை ஆழமாக ஊன்றிவிட்டிருக்கிறது. கோட்டுக்கு உள்ளே ஒரு நிறம், அது ஒரு நாடு. கோட்டைத் தாண்டினால் வேறு நிறம், வேற்று நாடு. இந்தக் கண்ணோடு சயாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், பழைய வரலாற்றைப் படிக்கப் போனால் முதல் பக்கத்திலேயே முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கெடாவை எடுத்துக்கொள்வோம். தமிழ் படித்தவர்களுக்கு இது அந்நிய ஊர் இல்லை. சோழர் கல்வெட்டுகள் சொல்லும் கடாரம் இதுதான் என்று ஆய்வாளர் பலரும் கொள்கிறார்கள். மலாய் சுல்தான்கள் ஆண்ட இந்தச் சிறுநாடு, பொன்னாலும் வெள்ளியாலும் செய்த சிறுமரங்களை மூன்றாண்டுக்கு ஒருமுறை சயாம் அரசனுக்கு அனுப்பிவந்தது. மலாயில் ‘புங்கா மாஸ்’, பொன்பூ. பாங்காக்கைப் பொறுத்தவரை இது கப்பம். கெடாவைப் பொறுத்தவரை நட்பின் அடையாளம். சரி, எது உண்மை? ஒரே பொருளை இரண்டு தரப்பும் இரண்டு விதமாக வாசித்துக்கொள்ள இடம் இருந்தது. அந்த இடம் இருந்தவரை உறவும் ஓடியது.

கம்போடியா 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பாங்காக்குக்கும் வியட்நாமுக்கும் ஒரே சமயத்தில் கப்பம் கட்டியது. மேகாங் நதியின் மேல்பகுதியில் இருந்த சிப்சோங் பன்னா, ‘சீனம் தகப்பன், பர்மா தாய்’ என்று சொல்லிக்கொண்டது. இரண்டு எஜமானர்கள் இருப்பது அங்கே கேவலமோ துரோகமோ ஆகவில்லை; பிழைக்கும் வழி அது. வரலாற்றாசிரியர் ஓ. டபிள்யு. வோல்டர்ஸ் இந்த அமைப்பைக் குறிக்க ‘மண்டலம்’ என்ற சமஸ்கிருதச் சொல்லை எடுத்தாண்டார். விளக்கு வெளிச்சம் மாதிரி: நடுவில் பிரகாசம், போகப்போக மங்கல், ஓரத்தில் இன்னொரு விளக்கின் வெளிச்சமும் வந்து கலந்துவிடும்.

இதைக் கேட்டதும் ‘ஆகா, எல்லையில்லாத அந்தக் காலம்!’ என்று உருகிவிட வேண்டாம். அந்த அரசுகளுக்கு நிலத்தைவிட ஆட்கள் முக்கியம். 1827இல் வியந்தியன் அரசன் அனுவோங் எதிர்த்துக் கிளம்பியபோது சயாம் படை அந்த நகரத்தையே அழித்தது. லாவோ மக்களைக் கும்பல் கும்பலாக மேகாங்கின் மேற்குக் கரைக்கு ஓட்டிவந்து குடியேற்றியது. குடியானவனின் மணிக்கட்டில் பச்சை குத்தி, இவன் இன்னாருடைய ஆள் என்று கணக்கு வைத்தார்கள். கோடு நிலத்தில் இல்லை, உடம்பில் இருந்தது.

1826இல் தெனாசெரிம் கரையைப் பர்மாவிடமிருந்து பிடுங்கிக்கொண்ட ஆங்கிலேயர், உங்கள் எல்லை எது என்று பாங்காக்கைத் துளைத்தெடுத்தார்கள். அரசவைக்கு இந்த அவசரமே விளங்கவில்லை. அங்கே குடியிருக்கிறவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்கிற ரீதியில் பதில் போனது. இதை விரிவாக எழுதியவர் தோங்சாய் வினிச்சகுல். 1976 அக்டோபர் 6, தம்மசாத் பல்கலைக்கழகப் படுகொலையின்போது மாணவர் தலைவராக இருந்து சிறை சென்றவர். நாடு முதலில் இருந்தது, வரைபடம் பிறகு அதைப் படம் பிடித்தது என்பதுதான் நம் நினைப்பு. 1994இல் வந்த தன் நூலில் அவர் இதைத் தலைகீழாக்கிக் காட்டினார்: வரைபடம்தான் சயாம் என்ற ‘நில உடலை’ உண்டாக்கியது.

சயாம் இதில் வெறும் பலியாடு இல்லை. 1880களில் ஆங்கிலேய நில அளவையாளரை வேலைக்கு வைத்து, பிரெஞ்சுக்காரரோடு போட்டி போட்டு, மேகாங் பக்கம் படையும் அளவுக்கருவியும் அனுப்பியது. 1893இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் பாங்காக்குக்குள் நுழைந்ததும் மேகாங்கின் கிழக்குக் கரையை விட்டுக்கொடுத்தது. 1907இல் பட்டம்பாங், சியாம் ரீப் போயின. 1909இல் கெடா, கிளந்தான், திரங்கானு, பெர்லிஸ் நான்கும் பிரிட்டிஷ் கைக்குப் போயின. சுல்தான்களை யாரும் கேட்கவில்லை. பட்டாணி மட்டும் சயாமுக்குள் நின்றது. தாய்லாந்துப் பாடநூல்கள் இவற்றை ‘இழந்த நிலங்கள்’ என்கின்றன. தெளிவான எல்லையோடு ஒருநாளும் சொந்தமாக இல்லாததை எப்படி இழக்க முடியும்? கேள்வி தோங்சாயுடையது. அங்கே இன்றும் இது லேசில் கேட்கக்கூடிய கேள்வி இல்லை.

பிரெஞ்சு அதிகாரிகள் தயாரித்த ஒரு வரைபடத்தை முக்கிய ஆதாரமாக வைத்துத்தான் 1962இல் சர்வதேச நீதிமன்றம் பிரியா விஹார் கோயிலைக் கம்போடியாவுக்குக் கொடுத்தது. 2008 முதல் 2011 வரை அந்தக் கோயிலைச் சுற்றித் துப்பாக்கிச் சத்தம். 2025 ஜூலையில் அதே எல்லையில் ஐந்து நாள் சண்டை. லட்சக்கணக்கானவர்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். தெற்கே, தாக் பாயில், 2004 அக்டோபர் 25 அன்று 85 மலாய் முஸ்லிம்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் கைது செய்யப்பட்டு ராணுவ லாரிகளில் ஒருவர்மேல் ஒருவராக அடுக்கப்பட்டு மூச்சுமுட்டிச் செத்தவர்கள். ‘எங்களை எந்த ஐரோப்பியனும் ஆண்டதில்லை’ என்ற தாய்லாந்தின் பெருமையைப் பட்டாணியிலிருந்து கேட்டால் வேறு மாதிரி ஒலிக்கும்.

பொன்பூ காலத்துக்குத் திரும்ப வழியில்லை. திரும்ப வேண்டியதும் இல்லை. ஆனால் ஒடுக்குகிற அரசும் அதை எதிர்க்கிறவர்களும் ஒரே மாதிரிப் படத்தைத்தான் சுவரில் மாட்டுகிறார்கள். எதிர்ப்பவர் கோட்டை வேறு இடத்தில் போடுகிறார், அவ்வளவுதான். அந்தப் புதுக்கோட்டுக்குள் மாட்டிக்கொள்ளும் இன்னும் சிறியவர்கள் யாருக்குப் பொன்பூ அனுப்புவது? விடுதலை பேசுகிற நாம் இதை இப்போதே யோசித்து வைத்தாக வேண்டும்.