கோல் அடிக்கும் இடத்தில் ஒரு தமிழர்

பவானியில் கால்பந்து பேச ஆள் கிடைப்பது கஷ்டம். மாலை ஆனால் இங்கே கபடி, இல்லையென்றால் கைப்பந்து. ராமன் விஜயன் என்று பெயரைச் சொன்னால், "ஐ.எம். விஜயனா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அவர் கேரளத்துக்காரர். நான் சொல்வது தமிழ்நாட்டு விஜயனை.

1996-ல் தொடங்கி 2007 வரை தேசிய கால்பந்து லீக் 11 பருவங்கள் நடந்தது. பருவத்துக்குப் பருவம் அதிக கோல் அடித்தவர்களின் பட்டியலைப் பார்த்தால், அதில் இந்தியர் இரண்டே பேர். முதல் பருவத்தில் பைச்சுங் பூட்டியா, 14 கோல். அடுத்து 1997-98-ல் ராமன் விஜயன், 10 கோல். பிறகு உஸ்பெகிஸ்தான், பிரேசில், கானா, நைஜீரியா என்று அந்த இடம் வெளிநாட்டவரிடமே தங்கிவிட்டது. இந்த ஒரு தகவலுக்காகவே அவர் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று பேர் எடுக்க நினைத்த தமிழ் ஸ்ட்ரைக்கர் ஊரை விட்டுப் போயாக வேண்டும். ராமன் விஜயனும் கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால், கொச்சியில் எஃப்.சி. கொச்சின் என்று போய் ஆடினார். ஊரிலேயே இருந்தவர்களுக்குச் சோறு போட்டவை இந்தியன் வங்கி, ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். போன்ற அலுவலக அணிகள். காலில் திறமை இருந்தால் கையில் வேலை. முட்டி போனாலும் மாதச் சம்பளம் நிற்காது. அன்றைய போலந்தில் ஆலை அணிகளின் கதையும் இதேதான். 1974 உலகக் கோப்பையில் 7 கோல் அடித்து முதலிடம் பிடித்த கிரெகோஷ் லாட்டோ, விமானத் தொழிற்சாலையைச் சார்ந்த ஸ்டால் மியெலெட்ஸ் அணிக்காரர். வெளிநாட்டு அணிக்குப் போக அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது 1980-ல், முப்பது வயதில்தான்.

இன்று காசு இருக்கிறது, டி.வி. இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது. கோல் அடிக்கும் இடம் மட்டும் நம் பையன்களுக்கு இல்லை. 2014-ல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) ஆரம்பத்தில் ஒரே நேரத்தில் 6 வெளிநாட்டவர் களத்தில் இறங்கலாம். 2017-ல் அது 5 ஆனது, 2021-ல் 4. எண்ணிக்கை குறைந்ததே தவிர, எந்த அணியும் முதலில் வெளிநாட்டிலிருந்து வாங்குவது முன்கள ஆளைத்தான். 2025 வரை நடந்த 11 பருவங்களிலும் கோல் பட்டியலில் ஓர் இந்தியர்கூட முதலிடத்தில் இல்லை.

கொங்கு மண்ணிலும் அதைக் கண்ணால் பார்த்தோம். சென்னை சிட்டி அணி கோவை நேரு ஸ்டேடியத்துக்குக் குடிவந்த காலம் அது. பவானி லட்சுமி நகரில் பஸ் ஏறினால் நேரே கோவை. 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்காலை முந்தி, பழைய தேசிய லீக்கின் இடத்தில் வந்த ஐ-லீக்கின் கோப்பையைத் தூக்கினார்கள். அந்தப் பருவத்தில் அவர்களின் வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் பெட்ரோ மான்சி அடித்தது 21 கோல். மகத்தான ஆட்டக்காரர், மறுப்பில்லை. ஆனால் அவருக்குப் பக்கத்தில் நின்று அந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஒரு கோவைப் பையனையோ ஈரோட்டுப் பையனையோ நிறுத்தியிருந்தால் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. 2021-க்குப் பிறகு அந்த அணியே ஐ-லீக்கில் இல்லை.

நம்மவர்கள் ஆடாமல் இல்லை. நடுக்களத்தில் குமரிக் கடற்கரையின் மைக்கேல் சூசைராஜ் வந்தார். விங்கில் சென்னையின் நந்தகுமார் சேகர். ராமன் விஜயன் ஆடிய அதே ஈஸ்ட் பெங்காலுக்காக, 2023 ஆகஸ்ட் 12-ல் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக நந்தகுமார் அடித்த 60-வது நிமிட கோல்தான் ஆட்டத்தின் ஒரே கோல். 2019 ஜனவரிக்குப் பின் அந்தக் கொல்கத்தா டெர்பியில் ஈஸ்ட் பெங்கால் முதன்முறையாக வென்றது அன்றைக்குத்தான். அப்போதும் அவர் நின்றது ஓரத்தில். நடுவே ஸ்ட்ரைக்கராக இறங்கியவர் ஒரு வெளிநாட்டுக்காரர்.