அறிவியல் புனைவுத் தொடரும் துணைத் திரைப்பட எதிர்பார்ப்பும்: ‘என் இனிய இயந்திரா’வை முன்வைத்து

முன்னுரை

தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் கதையுலகத்துக்குள் நின்று, அத்தொடர் சொல்லாமல் விட்ட பகுதியைச் சொல்லும் திரைப்படத்தைத் துணைத் திரைப்படம் எனலாம். கதையை மேலே கொண்டுசெல்லும் தொடர்ச்சிப் படத்தினின்றும், நூலைத் திரைக்கு மாற்றும் தழுவலினின்றும் இது வேறானது. தமிழ் அறிவியல் புனைவில் இத்தகைய படத்துக்கான எதிர்பார்ப்பு எவ்வாறு எழுந்தது, எதனை அடைந்தது, எதனை இழந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எதிர்பார்ப்பின் இயல்பு

அமெரிக்கத் தொடரான ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ 2009 மார்ச்சில் நிறைவுற்றது. அதே ஆண்டு அக்டோபரில் ‘தி பிளான்’ என்னும் துணைப்படம் வெளிவந்தது. பார்வையாளர் முன்பே அறிந்த நிகழ்வுகளை அப்படம் மனிதருக்கு எதிராகப் போரிடும் இயந்திரங்களின் நோக்கிலிருந்து மீண்டும் கூறியது. முடிவு தெரிந்த கதைக்கும் எதிர்பார்ப்பு உண்டு என்பது இதனால் விளங்கும். ‘அடுத்து என்ன?’ என்பதன்று அங்கு எழும் வினா. ‘மறுபக்கத்தில் என்ன நிகழ்ந்தது?’ என்பதே.

ஜீனோவின் மறுபக்கம்

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்னர்த் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராயிற்று. அது 2022ஆம் ஆண்டை ஒட்டிய இந்தியாவைக் கற்பனை செய்தது. ஜீவா என்னும் தலைவனின் ஆட்சியில் மக்களின் பெயர் இரண்டெழுத்தில் அடங்க வேண்டும். குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். அத்தலைவனே ஒரு முப்பரிமாண ஒளிப்பிம்பம் என்பது பின்னர்ப் புலப்படுகிறது. கதை நிலாவின் அனுபவத்தை மையமாகக் கொண்டது. நூல்களைப் படித்துத் தானாகச் சிந்திக்கத் தொடங்கும் இயந்திர நாய் ஜீனோ அவளுக்குத் துணையாகிறது. அதன் அகம் எத்தகையது என்னும் வினா வாசகரிடம் எஞ்சியது. அவ்வினாவுக்கு விடையாக வந்தது திரைப்படமன்று. ‘மீண்டும் ஜீனோ’ என்னும் அச்சுத் தொடரே. துணைப்படம் ஆற்றியிருக்க வேண்டிய பணியின் ஒரு பகுதியைத் தமிழில் வார இதழே ஆற்றியது.

‘எந்திரன்’ துணைப்படமா?

ஷங்கரின் இயந்திர மனிதப் படம் முதலில் கமல்ஹாசன் நடிப்பதாகத் திட்டமிடப்பட்டு, பின்னர் ரஜினிகாந்த் நடிக்க ‘எந்திரன்’ என்று உருப்பெற்றது. அதன் உரையாடலில் சுஜாதாவுக்குப் பங்குண்டு. 2008 பிப்ரவரி 27 அன்று அவர் மறைந்தார். படம் 2010 அக்டோபர் 1 அன்று வெளியானது. சுஜாதாவின் பெயரே ஜீனோவையும் சிட்டியையும் ஒரே மரபில் வைத்து நோக்கத் தூண்டுகிறது. ஆயினும் அதனைத் துணைப்படமாகக் கொள்வது பொருந்தாது. கதைமாந்தரும் களமும் காலமும் வேறு. பொதுவாக நிற்பது, இயந்திரம் மனம் பெறுதல் என்னும் கருத்தொன்றே.

அக்கருத்தும் திசை மாறியது. ஜீனோவின் அறிவு, பொய்யான தலைவனை முன்னிறுத்தும் ஆட்சியை எதிர்கொள்ளப் பயன்படுகிறது. சிட்டியின் உணர்வோ சனாவின் மீதான காதலாகி, படைத்தவனுக்கே பகையாகிறது. குடிமகனைக் கண்காணிக்கும் அரசு என்னும் நாவலின் அரசியல் மையம் திரையில் இடம்பெறவில்லை. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் திறனாய்வு இவ்விழப்பைக் காணத் தவறும்.

ஊடகச் சூழல்

துணைப்படம் உருவாகத் தொடரின் நடிகர், அரங்கு, கதையுரிமை ஆகியன திரைப்படத்துக்கும் கிடைத்தல் வேண்டும். தூர்தர்ஷன் காலத்தில் தொலைக்காட்சியும் திரைத்துறையும் பெரிதும் தனித்தனியே இயங்கின. இன்று நிலை வேறு. சென்னைக்கு மேற்கே, திருமழிசைக்கு அண்மையிலுள்ள செம்பரம்பாக்கத்தின் ஈ.வி.பி. படப்பிடிப்பு வளாகத்தில் ‘காலா’ (2018) படத்துக்கான தாராவி அரங்கும் ‘பிக் பாஸ்’ தமிழ் நிகழ்ச்சிக்கான வீடும் அமைக்கப்பட்டன. இரு ஊடகங்களும் ஒரே வளாகத்தைப் பகிர்கின்றன. ஒளிப்படக் கருவிகளின் இடையறாத பார்வையில் மனிதர் வாழ்வதைக் காட்டும் நிகழ்ச்சி அங்கு உருவானதும் கருதத்தக்கது. சுஜாதா அச்சத்துடன் கற்பனை செய்த கண்காணிப்பு, இங்கே பொழுதுபோக்காக ஏற்கப்பட்டுள்ளது.

முடிவுரை

தமிழில் துணைப்பட எதிர்பார்ப்பு, கதையுலகின் வழியே அன்றி எழுத்தாளர் பெயரின் வழியே திரைக்குச் சென்றது. அதனால் கருத்து நிலைத்தது; களம் கைவிடப்பட்டது. நாவல் குறித்த ஆண்டு கடந்துவிட்ட நிலையில், அக்கதைக்கு இனியொரு துணைப்படம் அமையுமாயின், அது எதிர்காலத்தைக் காட்ட வேண்டியதில்லை. நிலாவின் காலத்தை ஜீனோவின் கண்வழிக் காட்டுவதே அதன் பணியாகும்.