மூடிய ஆலையின் காருக்கு உதிரிப் பாகம்

ஒரு பொருளைச் செய்தவர் கடையைக் கட்டிவிட்டால், அப்பொருளின் ஆயுளும் அத்தோடு முடிந்ததென்றே நாம் எண்ணுகிறோம். தையல் இயந்திரமாயினும் வானொலிப் பெட்டியாயினும், "இதற்கு இனிச் சாமான் கிடைக்காது" என்று பட்டறைக்காரர் சொல்லிவிட்டால், அதற்கு மறுமொழி கிடையாது. பொருள் பரணுக்கு ஏறும். அல்லது காயலான் கடைக்குப் போகும். மோட்டார் காருக்கும் பெரும்பாலும் இதே கதிதான்.

ஆயினும், செய்த ஆலை மூடப்பட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பின்னரும், தேவையான பாகங்களிற் பெரும்பாலானவை இன்றும் புதிதாகவே கிடைக்கின்ற ஒரு கார் உண்டு. இங்கிலாந்தில் செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் காரே அது. செல்வர்கள் மட்டுமன்றி, மாதச் சம்பளத்தில் வாழும் ஆசிரியரும் எழுத்தரும் ஓய்வு பெற்ற தொழிலாளரும் அதை வைத்துப் பேண முடிகிறது. இது எவ்வாறு இயன்றது? பாகங்களைக் குறைந்த செலவில் தேடிப் பெறும் முறை யாது? எந்தச் சிக்கனம் நன்மை தரும், எது உயிருக்கே உலை வைக்கும்? இவற்றை அறிவது, கார் இல்லாதவர்க்கும் பயன் தருவதே.

ஆபிங்டனில் பிறந்த கார்

எம்.ஜி. என்பன ஆக்ஸ்போர்டு நகரில் வில்லியம் மாரிஸ் நடத்திய 'மாரிஸ் காரேஜஸ்' என்னும் நிலையத்தின் முதலெழுத்துகள். அங்கு மேலாளராக இருந்த செசில் கிம்பர் என்பவர், 1920-களில், மாரிஸ் குடும்பக் கார்களின் உறுப்புகளையே எடுத்து, அவற்றுக்கு விரைவும் அழகும் கூட்டி விற்கலானார். அத்தொழில் வளர்ந்து, 1929-இல் ஆபிங்டன் என்னும் சிறு நகருக்கு இடம் பெயர்ந்தது.

எம்.ஜி.பி. 1962-இல் வெளிவந்தது. திறந்த வண்டியும், 1965 முதல் செய்யப்பட்ட கூரையுள்ள ஜி.டி. வண்டியும் சேர்ந்து, 1980 வரையிலான 18 ஆண்டுகளில் 5 லட்சத்துக்கு மேல் விற்பனையாயின. அவற்றுட் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறின. 1979 செப்டம்பரில், ஆபிங்டனுக்கு எம்.ஜி. வந்த 50-ஆம் ஆண்டு விழாவை ஊரே கூடிக் கொண்டாடியது. விழா முடிந்த கையோடு, அன்றைய உரிமையாளரான பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனம், ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. 1980 அக்டோபரில் கடைசிக் கார் வெளியேறியது.

குடும்பக் காரின் உடன்பிறப்பு

ஆலை மூடிய பின்னும் பாகங்கள் மலிவாய்க் கிடைப்பதற்கு முதற்காரணம், அக்கார் பிறந்த விதத்திலேயே உள்ளது. தோற்றத்தில் அது ஓட்டப் பந்தய வீரன். உள்ளுறுப்புகளிலோ சாதாரணக் குடும்பக் காரின் உடன்பிறப்பு. அதன் 1798 சி.சி. எஞ்சின், 'பி சீரிஸ்' எனப்படும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. ஆஸ்டின் 1800, மாரிஸ் மரீனா ஆகிய வீட்டுக் கார்களிலும் அந்த எஞ்சினே ஓடியது.

நமக்கும் இக்குடும்பம் அந்நியமானதன்று. கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசடர் காரில், பல்லாண்டுக் காலம் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் இதே பி சீரிஸ் வகைதான். எம்.ஜி.பி.க்கு முன்பிறந்த எம்.ஜி.ஏ. என்னும் ஸ்போர்ட்ஸ் கார் 1955-இல் வெளிவந்தபோது, அதில் இருந்ததும் 1489 சி.சி. பி சீரிஸ் எஞ்சினே. நம் ஊர் வாடகைக் காரும் ஆங்கிலேய இளைஞரின் ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே குலத்து எஞ்சினைப் பெற்றிருந்தன! ஆனால், ஒரே குலம் என்பதால் ஒன்றின் உறுப்பெல்லாம் மற்றொன்றுக்குப் பொருந்திவிடும் என்று எண்ணலாகாது.

பொதுமையின் பயனை உணர ஓர் ஒப்பீடு போதும். 1967 முதல் 1969 வரை எம்.ஜி.சி. என்னும் கார் விற்கப்பட்டது. ஏறத்தாழ அதே உடல். ஆனால் 6 சிலிண்டர் எஞ்சின், வேறுவகை முன்சக்கர அமைப்பு. செய்யப்பட்டவை சுமார் 9,000 மட்டுமே. ஆதலால், எம்.ஜி.பி.யோடு பொதுவாயுள்ள பாகங்கள் அதற்கு எளிதில் கிடைக்க, அதற்கே உரிய பாகங்களுக்கோ அலைந்து தேட வேண்டியுள்ளது. அரிய காரை வாங்குபவர், அதன் பாகங்களுக்கும் அரிய விலையையே கொடுக்கிறார்.

காத்தவர்கள் யார்?

எண்ணிக்கை மட்டும் ஒரு காரைக் காத்துவிடாது. மனிதரின் முயற்சியும் வேண்டும். எம்.ஜி. கார் கிளப் 1930-லிருந்தும், எம்.ஜி. உரிமையாளர் கிளப் 1973-லிருந்தும் இயங்கி வருகின்றன. பாகங்களைப் பற்றிய அறிவை ஒருவர்க்கொருவர் பகிர்ந்துகொள்ள இவை வழி செய்தன. அமெரிக்காவில் 1948-இல் தொடங்கிய மாஸ் மோட்டார்ஸ் என்னும் வணிக நிலையம், பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் பாகங்களையே தன் தொழிலாகக் கொண்டது. எம்.ஜி.பி.யின் எஸ்.யு. கார்புரேட்டர்களும் அவற்றின் உறுப்புகளும் இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன.

இவை யாவற்றினும் வியப்பானது வேறொன்று. 1975-இல் அமைக்கப்பட்ட பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம், பழைய தகடு அழுத்தும் அச்சுகள் பலவற்றைத் தேடிச் சேர்த்து, 1988 முதல் எம்.ஜி.பி.யின் முழு உடற்கூட்டையே மீண்டும் செய்யத் தொடங்கியது. ஆலை மூடி 8 ஆண்டுகள் கழிந்த பின், அந்தக் காரின் உடல் புதிதாய்ப் பிறந்தது! அதை அடிப்படையாகக் கொண்டே 1993 முதல் 1995 வரை ஆர்.வி.8 என்னும் புதிய காரும் செய்யப்பட்டது. அந்த அச்சுகள் பழைய இரும்பு விலைக்குப் போயிருந்தால், துருப்பிடித்த எத்தனையோ கார்கள் அன்றே மடிந்திருக்கும்.

தேடும் முன் அறிய வேண்டியவை

பணம் வீணாவது பெரும்பாலும் விலையால் அன்று. தவறான பாகத்தை வாங்குவதால்தான். 18 ஆண்டுகளில் இந்தக் கார் பலமுறை மாறியது. 1964 அக்டோபர் வரை எஞ்சினின் முதன்மைத் தண்டு 3 பியரிங்குகள் மீது சுழன்றது. அதன்பின் 5 பியரிங்குகள். 1967-இல் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. கியர்ப் பெட்டியும் மாறியது. 1974-இன் இறுதியில், அமெரிக்க விதிகளுக்கு இணங்கக் குரோமிய பம்பர் போய்க் கருப்பு ரப்பர் பம்பர் வந்தது. காரின் உயரமும் கூட்டப்பட்டது. ஆதலால், "எம்.ஜி.பி.க்கு ஒரு பாகம் கொடுங்கள்" என்று கேட்பது, "பையனுக்கு ஒரு சட்டை கொடுங்கள்" என்று அளவு சொல்லாமல் கேட்பதற்கு ஒப்பாகும்.

காரின் தகட்டில் பொறித்த எண்ணை முதலில் பார்க்க வேண்டும். ஜி.எச்.என்.5 என்றிருந்தால், ஜி எம்.ஜி.யையும், எச் எஞ்சின் அளவையும், என் இரண்டு இருக்கைத் திறந்த வண்டியையும், 5 என்பது வரிசையையும் குறிக்கும். கூரையுள்ள ஜி.டி.க்கு, என் இருக்கும் இடத்தில் டி வரும். எஞ்சின் எண்ணைத் தனியே பார்ப்பது நன்று. இத்தனை ஆண்டுகளில் எவரேனும் எஞ்சினை மாற்றியிருக்கக் கூடும். அடுத்து, ஆலை வெளியிட்ட பாகப் பட்டியலின் மறுபதிப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பாகத்தின் எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். மரைகள் அங்குல அளவின என்பதையும் மறக்கலாகாது. மில்லிமீட்டர் ஸ்பானரால் திருகினால், நட்டின் முனை மழுங்கிப் புதுச் செலவு பிறக்கும்.

செலவைக் குறைக்கும் வழிகள்

முதல் வழி, மாற்றுவதற்கு முன் பழுது பார்த்தல். கார்புரேட்டர் ஒழுங்காக வேலை செய்யாவிடில் முழுதும் புதிது வாங்க வேண்டியதில்லை. அதன் தண்டும் புஷ்ஷும் தேய்ந்து காற்றுக் கசிவதே பல வேளைகளில் குறையாக இருக்கும். அவற்றை மட்டும் மாற்றினால் போதும்.

இரண்டாவது வழி, பழையதைக் கொடுத்துப் புதுப்பித்ததைப் பெறுதல். நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பர், ஸ்டார்ட்டர், பிரேக் காலிப்பர் முதலியவற்றை இவ்வாறு பெறலாம். பழையதைத் திருப்பித் தரும்வரை கடைக்காரர் ஒரு முன்பணம் பிடித்து வைப்பார். எனவே, பழுதான உறுப்பை எறிந்துவிடுபவர் தம் பணத்தையே எறிகிறார்.

மூன்றாவது வழி, சாகும் காரிலிருந்து வாழும் காருக்கு எடுத்தல். உடல் முழுதும் துருவேறிய காரிலும், கதவுப் பிடி, கண்ணாடி, மீட்டர்கள், இருக்கைச் சட்டம் ஆகியவை நல்ல நிலையில் இருக்கலாம். பழைய ஆலையின் அசல் உறுப்பு, இன்று அவசரமாய்ச் செய்த புது உறுப்பைவிட நன்கு பொருந்துவதும் உண்டு.

எது மலிவு, எது மோசம்?

இனிச் சொல்வதே முக்கியமானது. மலிவானது எல்லாம் சிக்கனமன்று. மின்பொறியைப் பகிரும் ரோட்டார் என்னும் சிறு உறுப்பின் விலை அற்பம். ஆனால், மட்டமாகச் செய்த ஒன்று, மின்சாரம் உள்ளே கசிந்து, நடுவழியில் காரை நிறுத்திவிடும். பிரேக் குழாய், ஸ்டியரிங் மூட்டு, டயர் ஆகியவற்றில் காசைப் பார்ப்பது அறிவன்று. பழைய கையிருப்பு என்று விற்கப்படும் ரப்பர் உறுப்புகளையும் வாங்கலாகாது. நாற்பது ஆண்டு பெட்டியில் கிடந்த ரப்பர், பெட்டிக்குள்ளேயே கிழமாகிவிடுகிறது.

பெட்ரோல் குழாய்களுக்கும் இது பொருந்தும். 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோலே பொது வழக்காயிற்று. எத்தனால் பழைய ரப்பரை அரித்து வெடிக்கச் செய்யும். சூடான எஞ்சின் மீது பெட்ரோல் சொட்டினால் விளைவு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனாலைத் தாங்கும் குழாய்க்கு ஆகும் அதிகச் செலவு, ஒருவேளைச் சாப்பாட்டுச் செலவுக்கு மேல் இராது.

யாவற்றினும் கொடியது மறைத்து வைத்த துரு. எம்.ஜி.பி.க்குத் தனிச் சேஸிஸ் இல்லை, உடலே எலும்பு. கூரையற்ற வண்டியின் வலிமை முழுதும், கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை செல்லும் அடிப்பெட்டிகளில் அடங்கியுள்ளது. அவை பல தகடுகள் சேர்ந்தவை. உள்தகடுகள் உளுத்திருக்க, வெளியே மட்டும் புதுத்தகடு ஒட்டி, வர்ணம் பூசி விற்பார் உளர். பார்வைக்குப் புதுக்கார், விபத்து நேரும்போதோ அது வெறும் கூடு. வெட்டி மாற்றும்போதும், உடலைத் தாங்கிப் பிடித்து, கதவு வாயிலுக்குக் குறுக்கே முட்டுக்கொடுத்தே செய்ய வேண்டும். இல்லையேல் கார் நடுவில் தொய்ந்து, கதவுகள் மூடா. ஆகவே, பளபளப்பைக் கண்டு வாங்காமல், அடியிற் படுத்துப் பார்த்து வாங்குவதே முதற் சிக்கனம்.

வாங்காமல் இருக்கும் கலை

மிக மலிவான உதிரிப் பாகம், வாங்கத் தேவைப்படாத பாகமே. முன்சக்கரங்களைத் தாங்கும் கிங்பின் என்னும் தண்டுகளுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் இட வேண்டுமென்று கையேடு கூறுகிறது. அரைமணி நேர வேலை, சிறிது கிரீஸ். அதைச் செய்தவரின் தண்டு பல்லாண்டு உழைக்கும். செய்யாதவர் புதிது வாங்கி, அதைப் பொருத்தக் கூலியும் கொடுப்பார். கம்பிச் சக்கரமுள்ள கார்களில், சக்கரம் பற்றும் பல்வரிசைக்கும் இதே நிலைதான்.

நம் வீடுகளுக்கும் இதில் பாடம் உண்டு. ஒரு பொருளை வாங்கும்போது, அதன் அழகை மட்டுமன்றி, அதன் உறுப்புகள் பொதுவானவையா, பழுதுபார்க்கத் தெரிந்தவர் ஊரில் உளரா என்று கேட்டு வாங்குவோம். பழைய கையேட்டையும் கழற்றிய உறுப்பையும் பத்திரமாய் வைப்போம். தெரிந்த தொழில் நுணுக்கத்தை இளையவர்க்குச் சொல்லிக் கொடுப்போம். எம்.ஜி.பி.யைச் செய்த ஆலை மறைந்தது. ஆனால் அச்சைக் காத்தவரும், அறிவைப் பகிர்ந்தவரும், மாதந்தோறும் கிரீஸ் டப்பாவோடு குனிந்தவரும் அதனை வாழவைத்தார்கள்.