ஒரு நிமிடத்தின் எல்லை

நுழையும்முன்

நூறு மீட்டர் தொலைவைக் கடக்க, உலகின் தலைசிறந்த ஓட்டவீரருக்குப் பத்து நொடி போதும். அதே தொலைவை நீந்திக் கடக்க ஏறத்தாழ ஒரு நிமிடம் வேண்டும். அந்த ஒரு நிமிடத்திற்குள் ஒரு பெண் நீந்த முடியும் என்பதை மெய்ப்பிக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. அதைச் செய்துகாட்டியவர், மூச்சிரைப்பு நோயோடு வளர்ந்த ஓர் எளிய குடும்பத்துப் பெண். அவருடைய வெற்றிகளையும், அவற்றுக்கு அவர் கொடுத்த விலையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தன்விருப்ப நீச்சல்

நீச்சல் போட்டிகள் மார்பு நீச்சல், மல்லாந்த நீச்சல், வண்ணத்துப்பூச்சி நீச்சல், ஃப்ரீஸ்டைல் என்னும் தன்விருப்ப நீச்சல் என நால்வகைப்படும். முதல் மூன்றிலும் கைகால்களை எவ்வாறு இயக்க வேண்டும் என்பதை விதிகள் வரையறுக்கின்றன. தன்விருப்ப நீச்சலிலோ, நீந்துபவர் தமக்கு விருப்பமான முறையைத் தேர்ந்துகொள்ளலாம். எனினும் போட்டியாளர் அனைவரும் ஒரே முறையையே தேர்ந்துகொள்கின்றனர். குப்புறக் கிடந்து, கைகளை மாறிமாறி முன்வீசி நீரைப் பின்தள்ளி, கால்களை இடைவிடாது அடித்துச் செல்லும் 'கிரால்' முறையே அது. மனிதர் அறிந்த நீச்சல் முறைகளுள் இதுவே மிக விரைவானது.

நீர், காற்றைவிட ஏறத்தாழ எண்ணூறு மடங்கு அடர்த்தி மிக்கது. எனவே நீந்துபவர் தம் ஆற்றலின் பெரும்பகுதியை நீரின் தடையை வெல்வதற்கே செலவிடுகிறார். உடலைக் கிடைமட்டமாக நீட்டிவைத்தால் தடை குறையும். தலையை உயர்த்தினால் கால்கள் தாழ்ந்து தடை கூடும். ஆகையால் முகம் நீருக்குள்ளேயே இருக்க வேண்டும். மூச்சை நீருக்குள் சிறிது சிறிதாக வெளிவிட்டு, கை நீருக்கு மேலே வரும் நொடிப்பொழுதில் தலையைப் பக்கவாட்டில் திருப்பிக் காற்றை உள்ளிழுக்க வேண்டும். கையின் வலிமையும் காலின் விரைவும் எவ்வளவு இருந்தாலும், மூச்சை அடக்கி ஆளத் தெரியாதவர் இம்முறையில் வெல்ல இயலாது.

அரை நூற்றாண்டு இடைவெளி

கிரால் முறை போட்டி நீச்சலில் வேரூன்றி வளர்ந்த இடங்களுள் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரம் முதன்மையானது. சாலமன் தீவிலிருந்து வந்த அலிக் விக்காம் என்னும் இளைஞரும், கேவில் என்னும் நீச்சல் குடும்பத்தாரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்முறையை அங்குப் பரப்பினர். பசிபிக் தீவு மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்த கலை, இவ்வாறு உலகப் போட்டிகளுக்குள் நுழைந்தது.

ஒலிம்பிக் நீச்சலில் பெண்கள் முதன்முதலாகப் பங்கேற்றது 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில்தான். ஆடவர் பார்வையில் படும்படி பெண்கள் நீந்துவது தகாது என்னும் எண்ணம் அக்காலத்தில் வலுவாக இருந்தது. சிட்னியைச் சேர்ந்த ஃபேனி டூராக்கை அனுப்புவதா, வேண்டாவா என்பதே பெரும் விவாதமாயிற்று. தடைகளைக் கடந்து சென்ற டூராக், நூறு மீட்டர் தன்விருப்ப நீச்சலை 1 நிமிடம் 22.2 நொடியில் கடந்து தங்கம் வென்றார். அவருடைய தோழி மினா வைலி வெள்ளி வென்றார்.

ஆடவருள் ஒரு நிமிட எல்லையை முதலில் கடந்தவர் அமெரிக்கர் ஜானி வைஸ்முல்லர். 1922இல் அவர் 58.6 நொடியில் நீந்தினார். பெண்கள் பிரிவில் நெதர்லாந்தின் வில்லி டென் ஔடன் 1936இல் நிறுவிய 1 நிமிடம் 4.6 நொடி என்னும் சாதனை, இருபது ஆண்டுகள் அசையாமல் நின்றது. அதை அசைத்தவர் டான் ஃபிரேசர்.

மூச்சைத் தேடிய சிறுமி

சிட்னி துறைமுகத்தை ஒட்டிய பால்மெயின், அந்நாளில் கப்பல் பட்டறைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. அங்கு 1937 செப்டம்பர் 4ஆம் நாள், எட்டுக் குழந்தைகளுள் கடைக்குட்டியாக டான் ஃபிரேசர் பிறந்தார். தந்தை ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர். குழந்தைப் பருவத்திலேயே ஃபிரேசரை ஆஸ்துமா பற்றிக்கொண்டது. ஓடினால் இரைக்கும் அச்சிறுமிக்கு நீச்சல் குளமே இடர் குறைந்த ஆடுகளமாக அமைந்தது. நீர்ப்பரப்பின் மேலுள்ள ஈரக்காற்று, வறண்ட காற்றைப்போல மூச்சுக்குழாயை உறுத்துவதில்லை. நீருக்குள் மூச்சை ஒழுங்குபடுத்தும் பயிற்சி அவருக்கு மருந்துபோலப் பயன்பட்டது. நலிவைத் தாங்குவதற்காகக் கற்றுக்கொண்ட அந்த ஒழுங்கே பின்னர் அவருடைய படைக்கலம் ஆயிற்று.

நீச்சலை அவருக்கு அறிமுகப்படுத்திய அண்ணன் இரத்தப் புற்றுநோயால் இளமையிலேயே மறைந்தார். குடும்பச் சூழலால் பதினான்கு வயதில் பள்ளியை விட்டுத் தையல் தொழிலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார் ஃபிரேசர். இந்நிலையில், பால்மெயின் குளத்தில் அவர் நீந்துவதைக் கண்ட பயிற்சியாளர் ஹாரி கல்லாகர், கட்டணமின்றிக் கற்பிக்க முன்வந்தார். பின்னர் அவரிடம் பயில்வதற்காக அடிலெய்டு நகருக்கும் சென்றார் ஃபிரேசர்.

மெல்போர்னும் ரோமும்

1956 பிப்ரவரியில் ஃபிரேசர் நூறு மீட்டரை 1 நிமிடம் 4.5 நொடியில் நீந்தி, இருபது ஆண்டுச் சாதனையை நொடியின் பத்தில் ஒரு பங்கு வேறுபாட்டில் முறியடித்தார். அதே ஆண்டின் இறுதியில் மெல்போர்ன் ஒலிம்பிக் நடைபெற்றது. அங்கு அவருக்குப் பெரும் போட்டியாக விளங்கியவர் சொந்த நாட்டவரான லொரெய்ன் கிராப். இறுதிப் போட்டியில் ஃபிரேசர் 1 நிமிடம் 2.0 நொடியிலும், கிராப் 1 நிமிடம் 2.3 நொடியிலும் கரையைத் தொட்டனர். நூறு மீட்டர் நீந்திய பின்னர் இருவருக்கும் இடையே இருந்தது ஏறத்தாழ அரை மீட்டர் இடைவெளியே. மூன்றாம் இடமும் ஆஸ்திரேலியாவுக்கே கிடைத்தது. 4x100 மீட்டர் தொடர் நீச்சலிலும் ஃபிரேசர் அணி தங்கம் வென்றது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், ரோம் ஒலிம்பிக்கில் அதே பந்தயத்தை 1 நிமிடம் 1.2 நொடியில் வென்றார். ஆயினும் அங்கேயே ஒரு கசப்பும் தோன்றியது. தங்கம் வென்ற மறுநாள், முன்னறிவிப்பின்றித் தொடர் நீச்சலின் தகுதிச் சுற்றில் வண்ணத்துப்பூச்சி முறையில் நீந்துமாறு அணி நிருவாகத்தினர் பணித்தனர், ஃபிரேசர் மறுத்தார். அணித் தோழியர் அவருடன் பேசுவதைத் தவிர்த்தனர், தண்டனையும் தொடர்ந்தது. நீரோடு இயைந்து செல்லத் தெரிந்த அவருக்கு, அதிகாரத்தோடு இயைந்து செல்வது எளிதாக இருக்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

பெண்கள் நூறு மீட்டர் தன்விருப்ப நீச்சலில் கால அளவு குறைந்த வரலாறு:
1912, ஃபேனி டூராக், ஸ்டாக்ஹோம் – 1 நிமிடம் 22.2 நொடி
1936, வில்லி டென் ஔடன் – 1 நிமிடம் 4.6 நொடி
1956, டான் ஃபிரேசர், மெல்போர்ன் – 1 நிமிடம் 2.0 நொடி
1962, டான் ஃபிரேசர், மெல்போர்ன் – 59.9 நொடி
1964, டான் ஃபிரேசர், சிட்னி – 58.9 நொடி

அறுபது நொடிக்குள்

1962 அக்டோபர் 27ஆம் நாள் மெல்போர்னில் ஃபிரேசர் நூறு மீட்டரை 59.9 நொடியில் கடந்தார். ஒரு நிமிட எல்லைக்குள் நீந்திய முதல் பெண் என்னும் பெருமை அவருக்கு உரியதாயிற்று. வைஸ்முல்லர் அவ்வெல்லையைக் கடந்து நாற்பது ஆண்டுகளும், டூராக் ஸ்டாக்ஹோமில் நீந்தி ஐம்பது ஆண்டுகளும் ஆகியிருந்தன. அந்த ஐம்பது ஆண்டுகளில் குறைந்தது 22 நொடியே. ஆனால் அதற்குள் பெண்களின் உடல்வலிமை பற்றிய எத்தனையோ தவறான முடிவுகள் கரைந்துபோயின. அவ்வாண்டு பெர்த் நகரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் ஃபிரேசர் நான்கு தங்கம் வென்றார்.

1964 பிப்ரவரி 29ஆம் நாள் வடக்குச் சிட்னி குளத்தில் அவர் நிறுவிய 58.9 நொடி என்னும் சாதனையை, 1972 வரை எவராலும் விஞ்ச இயலவில்லை.

டோக்கியோ

அச்சாதனை நிகழ்ந்த அடுத்த மாதமே பேரிடி விழுந்தது. ஃபிரேசர் ஓட்டிச்சென்ற மகிழுந்து விபத்துக்குள்ளாகி, உடன் பயணம் செய்த அவருடைய தாய் உயிரிழந்தார். ஃபிரேசரின் கழுத்து முள்ளெலும்பு சேதமுற்றது. பல வாரங்கள் கழுத்தில் மாவுக்கட்டுடன் இருந்தார். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு எஞ்சியிருந்தவை ஏழு மாதங்களே. தலைகீழாகப் பாயும் ஒவ்வொரு தொடக்கமும் கழுத்துக்கு இடர் தரும் என்பதால், பயிற்சியின்போது அதைத் தவிர்க்க வேண்டியிருந்தது. உடற்காயத்தைவிடத் தாயை இழந்த துயரமே ஆழமானதாக இருந்தது.

அக்டோபரில் டோக்கியோவின் இறுதிப் போட்டிக்கு அவர் வந்து நின்றபோது வயது இருபத்தேழு. எதிர்நின்றவர்களுள் வலிமை மிக்கவரான அமெரிக்கர் ஷாரன் ஸ்டௌடருக்கு வயது பதினைந்து. ஃபிரேசர் 59.5 நொடியில் கரையைத் தொட்டார், ஸ்டௌடர் 59.9 நொடியில் தொட்டார். இடைவெளி ஏறத்தாழ ஒன்றரை முழம். ஒரே நீச்சல் பந்தயத்தை அடுத்தடுத்த மூன்று ஒலிம்பிக்குகளில் வென்றவர் அதுவரை ஆடவருள்ளும் இல்லை, மகளிருள்ளும் இல்லை. மூன்று ஒலிம்பிக்குகளிலுமாக அவர் பெற்றவை நான்கு தங்கம், நான்கு வெள்ளி.

தடையும் அதன் விலையும்

வெற்றிக்குப் பின்னர், டோக்கியோவில் அரண்மனைக்கு அருகே ஒலிம்பிக் கொடி ஒன்றைக் கவர்ந்த நிகழ்வில் ஃபிரேசர் காவலரிடம் பிடிபட்டார். வழக்கின்றி விடுவிக்கப்பட்டார், அக்கொடியும் அவருக்கே பரிசாக அளிக்கப்பட்டது. நிறைவு விழாவில் ஆஸ்திரேலியக் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே. ஆனால் நாடு திரும்பிய பின், ஆஸ்திரேலிய நீச்சல் சங்கம் 1965இல் அவருக்குப் பத்தாண்டுத் தடை விதித்தது. நிருவாகத்தின் சொல்லை மீறித் தொடக்க விழா அணிவகுப்பில் கலந்துகொண்டது, அணிக்கு வழங்கப்பட்ட நீச்சலுடையை விடுத்துத் தமக்கு வசதியான பழைய உடையை அணிந்தது ஆகியனவும் அவர்மீது குற்றங்களாகச் சுமத்தப்பட்டன.

விளையாட்டுக்கு ஒழுங்கு வேண்டும் என்பதில் ஐயமில்லை. பிறர் பொருளைக் கவர்வது வேடிக்கையாகச் செய்யினும் தவறே. எனினும் குற்றத்தின் அளவுக்கும் தண்டனையின் அளவுக்கும் பொருத்தம் இருத்தல் வேண்டும். ஒரு நீச்சல் வீராங்கனைக்குப் பத்தாண்டு என்பது அவருடைய விளையாட்டு வாழ்வு முழுமையும் ஆகும். 1968இல் அத்தடை நீக்கப்பட்டது. அப்போது மெக்சிகோ ஒலிம்பிக் நெருங்கிவிட்டிருந்தது. அதற்கு ஆயத்தமாகப் போதிய காலம் இல்லை. நான்காவது தங்கம் சாத்தியமாகியிருக்குமா என்னும் வினாவுக்கு நீரில் விடை தேடும் வாய்ப்பை அவர் இழந்தார். நொடியின் பத்தில் ஒரு பங்கையும் அளந்து மதிப்பளிக்கும் ஒரு துறை, ஒரு மனிதரின் ஆண்டுகளை அளக்காமல் செலவிட்டது.

குளத்திற்கு வெளியே

பால்மெயின் மக்கள் அவரைக் கைவிடவில்லை. அவர் நீந்தப் பழகிய துறைமுகக் குளத்திற்கு 1964இலேயே அவர் பெயர் சூட்டப்பட்டது. 1988இல் நியூ சவுத் வேல்ஸ் சட்டமன்றத்திற்கு அவரைச் சுயேச்சை உறுப்பினராகப் பால்மெயின் தேர்ந்தெடுத்தது. 1991 வரை அப்பொறுப்பில் பணியாற்றினார். பதினான்கு வயதில் பள்ளியைவிட்டு வெளியேறிய தொழிலாளர் மகள், தம் பகுதி மக்களுக்காகச் சட்டமன்றத்தில் குரல் கொடுத்தார்.

ஒலிம்பிக்கில் பெண்கள் பங்கேற்கத் தொடங்கியதன் நூற்றாண்டு, 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் சிறப்பிக்கப்பட்டது. அரங்கினுள் ஒலிம்பிக் சுடரைக் கைமாற்றிச் சென்றோர் அனைவரும் ஆஸ்திரேலியப் பெண் வெற்றியாளர்களே. அவர்களுள் டான் ஃபிரேசரும் இருந்தார், அவருடைய 58.9 நொடிச் சாதனையை 1972இல் தம் பதினைந்தாம் வயதில் முறியடித்த ஷேன் கூல்டும் இருந்தார். சாதனைகள் முறியடிக்கப்படுவதற்கே உரியவை. ஆயினும் கடக்க இயலாதது எனக் கருதப்பட்ட ஓர் எல்லையை முதலில் கடந்தவர், பின்வருவோர் அனைவருக்கும் அவ்வெல்லையை இல்லாததாக்கி விடுகிறார். ஃபிரேசருக்குப் பின் வந்த பெண்களுக்கு ஒரு நிமிடம் என்பது சுவராக இருக்கவில்லை. தொடக்கக் கோடாகவே இருந்தது.