தடையற்ற சந்தையின் தடைகள்

‘தடையற்ற சந்தை’யை எதிர்த்துக் கூட்டங்களில் நானும் பேசியிருக்கிறேன். அது தடையற்றதுதானா என்று மட்டும் கேட்டதில்லை.

ஷனேல் 11.12 என்றொரு தோல் கைப்பை. 2015 மார்ச் வரை ஐரோப்பாவில் 3,550 யூரோ, சீனாவில் 38,200 யுவான். அன்றைய மாற்று விகிதத்தில் ஒன்றரை மடங்குக்கும் மேல். இறக்குமதி வரி, போக்குவரத்து என்று காரணம் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் அந்த மாதமே கம்பெனி ஐரோப்பிய விலையை 4,260க்கு ஏற்றுவதாகவும், சீன விலையை 30,000க்கு இறக்குவதாகவும் அறிவித்தது. தைத்த கை அதே கை. உழைப்பு நேரத்தில் நிமிஷம்கூடக் கூடவில்லை, குறையவில்லை. அப்ப மாறினது என்ன?

யூரோ சரிந்திருந்தது. பாரிசில் வாங்கிச் சீனாவில் விற்கும் ‘தைகோ’ ஆட்களுக்கு நல்ல வேட்டை. இந்த விலை, வாங்குபவர் எவ்வளவு தாங்குவார் என்று நாடு நாடாகப் பிரித்துப் போட்ட மதிப்பீடு. அது நிலைக்க வேண்டுமானால் பண்டம் எல்லை தாண்டக் கூடாது. மூலதனம் தாண்டலாம்.

இதற்குச் சட்டமும் காவல் நிற்கிறது. ஆஸ்திரியாவின் சில்லுவெட் கம்பெனி, மோஸ்தர் போன 21,000 மூக்குக்கண்ணாடி பிரேம்களை 1995இல் பல்கேரியக் கம்பெனியொன்றுக்குத் தள்ளிவிட்டது. அவை திரும்பிவந்து ஆஸ்திரியாவிலேயே ஹார்ட்லாவர் என்ற மலிவுக் கடையில் உட்கார்ந்தன. போலியல்ல, அசல் சரக்கு. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே விற்றது உள்ளே திரும்புவதை வணிகச் சின்னத்தின் உரிமையாளர் தடுக்கலாம் என்றது ஐரோப்பிய நீதிமன்றம், 1998இல். காசு வாங்கிக் கல்லாவில் போட்ட பிறகும் சரக்கின்மேல் பிடி விடவில்லை. அப்பகுதிக்கு வெளியிலிருந்து லெவிஸ் ஜீன்ஸ் தருவித்து மலிவாக விற்ற டெஸ்கோவுக்கும் 2001இல் இதே கதிதான்.